'மெனஸ்' என்றால் தொல்லையா, மிரட்டலா? ராபர்ட்சன்பேட்டையில் இருந்து ஒரு சொல் விளக்கம்

மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கே.ஜி.எஃப் காரர்களுக்கு சயனைடு மலைகள் பழகிப்போன காட்சி. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டி வைத்த சாம்பல் நிறக் கழிவு மண் அது. பலமாகக் காற்றடித்தால் அந்தத் தூசி ராபர்ட்சன்பேட்டை வீடுகளுக்குள்ளும் வரும். இதை இங்கிலீஷில் 'டஸ்ட் மெனஸ்' என்று எழுதிவிடலாம். தமிழில் எப்படி எழுதுவது? தூசித் தொல்லை என்றா, தூசி அச்சுறுத்தல் என்றா?

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'மினே' என்றால் மிரட்டல். முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் பகுதி என்றும் அதற்குப் பொருள் உண்டு. அதிலிருந்து பிறந்த 'மெனஸ்', பழைய பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. 'ப்ராமினென்ட்', 'எமினென்ட்', 'இம்மினென்ட்' எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான். 'இம்மினென்ட்' என்பதற்கு முதல் பொருளே தலைக்கு மேல் தொங்குவது. 'மவுன்டன்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் சுரங்கத்தைக் குறிக்கும் 'மைன்' இந்தக் குடும்பம் இல்லை. ஓசைதான் ஒன்று, வேர் வேறு.

'த்ரெட்' வேறா?

வேறுதான். பழைய ஆங்கிலத்தில் அது கூட்டத்தையும் நெருக்குதலையும் குறித்த சொல். 'இதைச் செய், இல்லாவிட்டால்...' என்று ஒருவர் நெருக்கினால் அது த்ரெட். மெனஸ் வாய் திறக்க வேண்டியதில்லை. தலைக்கு மேல் நின்றாலே போதும்.

அப்போ 'தொல்லை' எப்படி வந்தது?

நம்ம ஊர் ஆங்கிலச் செய்திகளில் கொசு மெனஸ், குரங்கு மெனஸ், தெருநாய் மெனஸ் என்று எழுதி எழுதியே சொல்லின் கனம் குறைந்துவிட்டது. தமிழில் அதைத் தொல்லை என்கிறோம். கொசுவுக்கு அது சரி. சயனைடு மலைக்கு?

ராபர்ட்சன்பேட்டைக்கு எது பொருந்தும்?

குவார்ட்ஸ் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சியதுதான் இந்த மண். பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுமார் 3.3 கோடி டன் கழிவு அங்கேயே நின்றுவிட்டது. சயனைடு வெயில்பட்டுக் காலப்போக்கில் சிதையக்கூடியது. சிலிக்கா அப்படிச் சிதையாது. நுண்ணிய சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் வரலாம். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல.

இதில் மிஞ்சியிருக்கும் தங்கத்துக்காக 13 குவியல்களை மறுபடி தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஊரில் இருப்பது நியாயம்தான். ஆனால் கிளறினால் தூசியும் கிளம்பும்.

இந்த இடத்தில்தான் சொல் முக்கியமாகிறது. தொல்லை என்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்வார்கள். அச்சுறுத்தல் என்றால், தோண்டுவதற்கு முன்பே காற்றின் தரத்தை அளப்பது யார், மண்ணை ஈரமாக வைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், ஊர் மக்களுக்கு நுரையீரல் பரிசோதனை உண்டா என்று கேட்கலாம். அடுத்த முறை மனு எழுதும்போதோ ஆபீஸ் மெயிலில் 'மெனஸ்' என்று டைப் செய்யும்போதோ, எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.