உங்களுக்குத் தெரியுமா? பழைய புல்லட்டில் கிக்கர் இறங்காவிட்டால் குற்றவாளி கியர்பாக்ஸ்தான் என்று சொல்லிவிட முடியாது

1950-களில் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய ராயல் என்பீல்டு புல்லட்டின் நான்கு கியர் ஆல்பியன் வகைப் பெட்டி, இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல இன்ஜினோடு ஒரே கூட்டில் அடங்கியதல்ல. இன்ஜினுக்குப் பின்னால் தனியாகப் பூட்டியது. மிதிக்கும் விசை கியர்பாக்ஸ், கிளட்ச், பிரைமரி செயின் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. இவற்றில் எது இறுகினாலும் கிக்கர் நிற்கும். ஆகவே ‘கியர்பாக்ஸ் ஜாம்’ என்று உடனே பெட்டியைப் பிரிப்பது அவசரம். கிளட்சைப் பிடித்து மிதித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். நியூட்ரலில் வைத்து, பிரைமரி செயினைக் கழற்றிவிட்டு மிதிப்பதே நம்பத்தக்கது. கிக்கர் இறங்கினால் கோளாறு இன்ஜின் பக்கம்.

இறங்காவிட்டால் பெட்டியின் ஆயிலை வடித்துப் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் தென்கேரளத்தின் அதியன்னூர், பாறசாலைப் பக்கம் வெளியில் நின்ற வண்டியென்றால் நீர் புகுந்து ஆயில் பால்போல வெளுத்திருக்கலாம், பேரிங்குகள் துருவேறியிருக்கலாம். உலோகத் துணுக்குகள் வந்தால் பல் உடைந்திருக்க வாய்ப்புண்டு. சுத்தியலால் அடித்து விடுவிக்கவே கூடாது, அலுமினியக் கூடு விரிசல் விடும். வலப்பக்க மூடிகளைத் திறந்தாலே கியர்கள் கைக்கு எட்டும். அதற்காகப் பெட்டியைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை.