வலிக்காத கால்தான் கவலை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர்களுக்குக் காலில் இரும்புச் சுருள் குத்துவது புதிதல்ல. குத்தினால் துள்ளுவார்கள், பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். துள்ளாத ஆள்தான் கவலைக்குரியவர். ஷூவுக்குள் விழுந்த சுருள் ஷிப்ட் முடியும்வரை உறுத்தவே இல்லை, வீட்டில் சாக்ஸைக் கழற்றியபோது ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றால், அவர் உடனே பார்க்க வேண்டியது சுகர்.

ரத்தத்தில் மிகுந்துபோகும் சர்க்கரை, உடம்பின் நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கிறது. அதனால் தொல்லை பாதத்தில் ஆரம்பிக்கிறது. ராத்திரி படுத்ததும் உள்ளங்கால் எரியும், ஊசி குத்தும். பிறகு மதமதப்பு. பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கும். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள். வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண் திரும்பத் திரும்ப வரும், சின்னக் காயம்கூட வாரக்கணக்கில் ஆறாது. சுகர் இருப்பது தெரியவரும் முன்பே சிலருக்கு இதெல்லாம் தொடங்கிவிடுகிறது. "நின்னுக்கிட்டே வேலை, வேற என்ன" என்று தைலம் தேய்த்தே காலம் ஓடிவிடும்.

எரிச்சலுக்கெல்லாம் சுகர்தான் காரணம் என்பதில்லை. பி12 குறைவு, தைராய்டு, குடிப்பழக்கம் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனைதான் தீர்ப்பு சொல்லும்: வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்.

வலி இல்லாமையே ஆபத்து என்பதை உலகுக்கு அழுத்திச் சொன்னவர் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களே அழிக்கின்றன என்று வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியபோது கண்டார். பிற்பாடு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் கால்களிலும் அதே கதையைப் பார்த்தார். இன்று இவர்களுக்கு டாக்டர்கள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். என்ற மிருதுவான ரப்பர் செருப்பு, தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்டு வந்ததுதான்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்தத் தெருவிலும் சுகர் மாத்திரை போடாத வீடு குறைவு. ஆனாலும் வருடாந்தர செக்கப்பில் ரத்தம் எடுக்கிறார்கள், ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்; சாக்ஸைக் கழற்றச் சொல்பவர் அபூர்வம். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் என்ற நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். இதைச் செய்யாமல் செய்கிற செக்கப் அரைகுறைதான்.

ஆடி மாதத்தில் திருவேற்காடு, மாங்காடு கோயில்களில் சுடுகல்லில் வெறுங்காலோடு நடப்பவர்களில் உணர்ச்சி குறைந்த பாதங்களும் இருக்கும். கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். பக்தியைக் குறை சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் போய் வந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சுகர் உள்ளவர்கள் கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், கார்ன் கேப் ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் உணர்ச்சியில்லாத தோலைப் புண்ணாக்கிவிடும். எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைக்காதீர்கள். ஷூவைப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர் பரிசோதனைக்குக் காசில்லை. அடுத்த முறை போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, "காலையும் பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.