டயர் உரசுகிறதா? தகட்டில் கை வைக்கும் முன்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் அகலமான டயரும் அலாய் வீலும் மாட்டிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, வண்டி ஒரு ஹம்ப்பைத் தாண்டும்போதுதான் பின்பக்கம் ‘கர்ர்’ என்று சத்தம் வரும். உடனே யாராவது யோசனை சொல்வார்கள்: வீல் ஆர்ச்சின் உள்விளிம்பை மடக்கிவிட்டால் போதும், வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம் என்று. செய்ய முடியும்தான். ஆனால் அதன் பிறகு வருகிற துருவுக்கும் இன்சூரன்ஸ் க்ளெய்ம் சிக்கலுக்கும் பதில் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது.

சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். தகடு உள்நோக்கி மடிந்து நிற்பது தட்டுப்படும். முன்பக்க பெண்டர் போல்ட்டில் நிற்பது. கெட்டுப்போனால் கழற்றிப் புதிது போடலாம். பின்பக்கம் பெரும்பாலான கார்களில் அப்படியில்லை. வெளித்தகட்டையும் உள்தகட்டையும் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்து, இடுக்கில் தண்ணீர் இறங்காமல் சீலர் பூசியிருப்பார்கள். அது பாடியோடு பாடியாக இருக்கும் பாகம்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ரோலர் கருவியை போல்ட் போட்டு இறுக்கி, பெயின்ட்டை ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே அழுத்துவதுதான் முறை. கருவி இல்லாதவர்கள் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே இரும்புக் குழாயைச் செருகி வண்டியை முன்னும் பின்னும் உருட்டுகிறார்கள். இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தம் ஒரே இடத்தில் விழுவதால் ஆர்ச் வெளியே புடைக்கும், மடிப்பில் மயிரிழை அளவுக்குப் பெயின்ட் வெடிக்கும், சீலர் பிளக்கும். அன்றைக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர் வரை அந்தப் பிளவில் சேறும் நீருமாக அடிக்கும். தகடு உள்ளிருந்து அரித்து, வெளியே கொப்புளம் கிளம்பும்போது டிங்கரிங் கடையில் வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியிருக்காது. கம்பெனி துருவுக்கு வாரண்டி கொடுத்திருந்தாலும், கை வைத்த தகட்டுக்கு அதைத் தர மறுப்பார்கள்.

உயிராபத்தும் உண்டு. பல கார்களில் பெட்ரோல் ஊற்றும் குழாய் பின் சக்கரத்தின் ஆர்ச்சுக்குப் பின்னால்தான் இறங்குகிறது. அதன் பக்கத்தில் ஹீட் கன் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கில் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டிக்குள் கையையோ தலையையோ விடாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் எந்த வேலையும்.

உரசுவது விளிம்பில்தானா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். அது உட்புற லைனரிலோ சஸ்பென்ஷன் பக்கமோ இருந்தால் விளிம்பை மடக்கி ஒரு பயனும் இல்லை. டயரின் பக்கவாட்டில் 195/55 ஆர்16 என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு இதை ஒப்பிடுங்கள். அளவு பொருந்தியும் உரசினால், ரிம்மின் ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவு, தவறாக இருக்கலாம். உரசலை அப்படியே விட்டு நைஸ் ரோடு மாதிரி விரைவுச் சாலையில் வேகமாகப் போவது பெரிய தவறு. பக்கவாட்டு அறுந்தால் டயர் வெடிக்கும்.

விளிம்பை மடக்குவதைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனால் வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தை 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்ச்சை வெட்டுவது, அகலப்படுத்துவது, டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது என்று போகப் போகச் சிக்கல் இறுகும். சந்தேகம் இருந்தால் வேலைக்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொல்லாத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுத்தால் உடனே ஒதுங்கிவிடாதீர்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுதாக நிராகரிக்காமல் ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்ற நிலைப்பாட்டை 2010-ல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. அது சொந்தக் காரை வாடகைக்கு விட்ட வழக்கு என்றாலும் அந்த வாதத்தை முன்வைக்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார்; ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ பெங்களூருவிலேயே இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும்.

ஒர்க் ஷாப்பில் செய்து தகடு கெட்டால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உள்ளே என்றால் கட்டணம் கிடையாது. வேலைக்கு முந்தைய படமும் பில்லும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலரும் கவனிக்காத ஆள், அந்த டயரை விற்ற கடைக்காரர். ‘இந்த வண்டிக்கு அப்படியே உட்காரும் சார்’ என்று சொல்லி விற்றிருந்தால், உரசலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பில்லில் கார் மாடலையும் டயர் அளவையும் ரிம் ஆஃப்செட்டையும் எழுதி வாங்குங்கள். உரசினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அதே 1915 இருக்கிறது. தகட்டை நீங்களே மடக்கிய பிறகு போனால், அந்த வண்டியைக் காட்டி அவர் கையை விரித்துவிடுவார்.