அட்ஜஸ்டர் வருவதற்கு முன்

“அண்ணே, நாளைக்கு அட்ஜஸ்டர் வர்றாராம். நான் என்ன சொல்லணும்?”

கோலா சிலாங்கூரில் நாங்கள் வழக்கமாக உட்காரும் கடை. தம்பி தே தாரிக்கைத் தொடவே இல்லை. ஈஜோக் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பின்னால் இடித்ததில் அவனுடைய கார்ப் பெட்டி நசுங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. பயம்தான் இன்னும் போகவில்லை.

“முதலில் போலீஸ் ரிப்போர்ட்டைக் காட்டு” என்றேன். விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அந்த ரிப்போர்ட்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். தம்பி சமிக்ஞை விளக்கில் நின்றுகொண்டிருந்தான். ரிப்போர்ட்டிலோ அவன் திடீரென்று பிரேக் போட்டதாக மலாயில் இருந்தது. பதற்றத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நின்ற காரை இடிப்பது வேறு, திடீரென நிறுத்திய காரை இடிப்பது வேறு. தவறு யார் பக்கம் என்ற கேள்வியே இதில் மாறிவிடும். உடனே நிலையத்துக்குப் போய் இன்னொரு ரிப்போர்ட் கொடுத்து, நடந்ததைத் தெளிவாகச் சொல்லச் சொன்னேன்.

அடுத்து, அட்ஜஸ்டர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இழப்பை மதிப்பிடுபவர். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாராவில் பதிவு பெற்றுத்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும். சேதத்தைப் பார்ப்பார், படம் எடுப்பார், ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவார், பட்டறை கொடுத்த மதிப்பீட்டை வரி வரியாகச் சரிபார்ப்பார். பணம் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது காப்புறுதி நிறுவனம். உன் காப்புறுதியில் கோரினால் அவரை அனுப்புவதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் அந்த நிறுவனமே. அவர் நம் எதிரியும் அல்ல, நம் ஆளும் அல்ல. கண்ணில் பட்டதையும் தாளில் இருப்பதையும்தான் எழுதுவார்.

தவறு நம் மீது இல்லை, நம்மிடம் முழுக் காப்புறுதியும் இருக்கிறது என்றால் ‘நாக் ஃபார் நாக்’ வழியில் நம் நிறுவனத்திடமே கோரலாம். கோரிக்கையே இல்லாத ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த 55 விழுக்காட்டு என்சிடி பிரீமியக் கழிவு அப்படியே இருக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர் இடித்தவரின் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அப்போது பதிவு பெற்ற அட்ஜஸ்டரை நாமே அமர்த்த வேண்டும். கார் பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கான ‘கார்ட்’ இழப்பீட்டையும் அங்கே கேட்கலாம். பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று எழுதுவது அட்ஜஸ்டர்தான். அதனால் அந்த எண்ணைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

பலர் அதிர்ந்து போகும் இடம் ‘பெட்டர்மென்ட்’. பழைய காருக்குப் புதுச் சாமான் போட்டால் விலையில் ஒரு பங்கு நம் தலையில் விழும். ஐந்து வயதான காருக்கு 15 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஐந்து கூடி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு. தம்பியின் கார் பதினொரு வயது. 1,000 வெள்ளிச் சாமானுக்கு 400 வெள்ளி அவன் கொடுக்க வேண்டும். இது அட்ஜஸ்டரின் கஞ்சத்தனம் அல்ல, ஊருக்கெல்லாம் ஒரே அளவுகோல். இன்னொன்று: காப்புறுதியில் பெயர் இல்லாத மகனோ மருமகனோ ஓட்டியிருந்தால் 400 வெள்ளி நாமே கட்ட வேண்டிவரும்.

நாளைக்கு என்ன செய்வது? அட்ஜஸ்டர் பார்க்கும்வரை பட்டறையில் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற விடாதே. அவர் வரும்போது நீயும் நில். பழைய கீறல் இருந்தால் அது பழையது என்று நீயே காட்டிவிடு. ஒரு பொய் பிடிபட்டால் மற்ற ஒன்பது உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். லோரி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். காலிப் படிவத்தில் யாருக்கும் கையெழுத்துப் போடாதே. விபத்து நடந்த இடத்துக்கு ஓடிவந்து அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளும் இழுவை லோரிக்காரரிடம் இதை மறக்கவே கூடாது. உடம்பில் காயம் இருந்தால், சிகிச்சை முடியும் முன் ‘எல்லாம் தீர்ந்தது’ என்ற தாளில் கையெழுத்து வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்றால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பிலும் இழப்பீடு கேட்க வேண்டும்.

தொகை குறைவாகத் தெரிந்தால் காரணத்தை எழுத்தில் கேள். நிறுவனத்தின் இறுதிப் பதிலும் திருப்தி இல்லையென்றால், 1 ஜனவரி 2025 முதல் இயங்கும் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்புக்கு ஆறு மாதத்துக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தம்பி அப்போதுதான் தேயை எடுத்துக் குடித்தான். படித்த பிள்ளைக்கே ஒரு வரி தவறிப் போனது. தோட்டத்தில் பால் மரம் சீவி வளர்ந்து, மலாய் வாசிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் எத்தனை பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! உங்கள் தாமானில் யாராவது மோட்டாரிலோ காரிலோ அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, போலீஸ் நிலையத்துக்கும் கூடப் போங்கள். ரிப்போர்ட்டை அவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.