காய்ச்சலும் கணக்கேடும்

மகாவலி கங்கை கடலைச் சேருமுன் கிளைத்துவிடுகின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவை நாட, மற்றொன்று தெற்கே விலகி, வெருகல் என்னும் பெயர் பூண்டு கடலிற் கலக்கின்றது. திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லையாக அமைந்தது இந்த ஆறே. கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில். ஆண்டுத் திருவிழாவுக்கு இரு மாவட்டத்தாரும் இங்கே திரள்வர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களும் இவ்வழியே ஆற்றைக் கடப்பர். 2011ஆம் ஆண்டில் பாலம் அமையும் வரை தோணியும் பாதையுமே அவர்களுக்குத் துணை. வயலுக்குப் போவோர், மீன்பிடிக்கப் போவோர், தேனெடுக்கக் காடேறுவோர் என, இரவைத் தம் வீட்டுக்கு வெளியே கழிக்கும் மக்கள் நிறைந்த ஊர் இது. மலேரியாக் காய்ச்சல் பரவும் விதத்தை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் வேறு வேண்டுவதில்லை.

இந்தக் கரையோரத்துக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு ஒரு பழைய வரலாற்றிலும் நிழலாடுகின்றது. கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் 1660ஆம் ஆண்டில் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்த ஆண்டிலே தந்தை குளிர்காய்ச்சலால் மாண்டார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து, தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அக்காலத்தில் யாரும் நுளம்பைச் சந்தேகித்திலர். சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே நோயைத் தருகின்றது என்பது மேல்நாட்டாரின் நெடுநாள் நம்பிக்கை. நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணி வளர்வதை றொனால்ட் றொஸ் செகந்திராபாத்திலே கண்டறிந்தது 1897இற்றான்.

இலங்கையில் இந்நோயைப் பரப்பிய தலையாய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்பது. அழுக்குச் சாக்கடையை அது விரும்புவதில்லை. வெயில் படும் தெளிந்த தேங்குநீரே அதற்கு உகந்த தொட்டில். ஆறு பெருக்கெடுத்து ஓடும்போது குடம்பிகள் அடித்துச் செல்லப்பட்டு அழிகின்றன. மழை பொய்த்து, ஆறு வற்றி, மணலிடையே குட்டை குட்டையாக நீர் தங்கும்போது அவை பெருகுகின்றன. 1934ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதுவே. எப்போதும் நீரோடும் தென்மேற்கு ஆறுகள் வற்றின. கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களிலே காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவிற்று. 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புவலிமை பெற்றிருந்த வறண்ட வலய மக்களைக் காட்டிலும், அந்நோயை அதிகம் அறியாத ஈரவலய மக்களே அப்போது கூடுதலாக மடிந்தனர். வறண்ட வலயத்தார் கொடுத்து வைத்தவர்கள் என்று இதற்குப் பொருளன்று. வீங்கிய மண்ணீரலும் வெளிறிய முகமுமாக வளர்ந்த குழந்தைகளே அந்த எதிர்ப்புவலிமைக்கு விலை கொடுத்தவர்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல், வீட்டுச் சுவர்களிலே டி.டி.டி. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. அவ்வாண்டில் 25 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த நோயாளர் தொகை, 1963இல் வெறும் 17 ஆயிற்று. பதினேழு பேர்! உலகமே வியந்தது. மருந்து தெளிப்பதும் நிறுத்தப்பட்டது. அதன்பின் நடந்ததுதான் நாம் நின்று நோக்கவேண்டியது. காய்ச்சலென்று வந்தவர்களின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் வழக்கம் தளர்ந்தது. சேனைப் பயிருக்காகக் காட்டில் குடில் போட்டவர்களும், மாணிக்கக் குழி தோண்டப் பல திசைகளிலிருந்தும் வந்து கூடியவர்களும் எந்தப் பதிவேட்டிலும் அகப்படவில்லை. 1967இல் நோய் தலைதூக்கியது. 1968, 1969 ஆகிய ஈராண்டுகளிலும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நுளம்பை மட்டும் நோக்கியிருந்த கண், நோயாளரை விட்டுவிட்டது என்றே நான் கொள்கின்றேன்.

நுளம்பு தானாக நோயை உண்டாக்குவதில்லை. ஒரு மனிதரிடம் பெற்றதை மற்றொரு மனிதருக்குக் கொடுக்கின்றது. கடித்த நுளம்பினுள் ஒட்டுண்ணி முதிர்வதற்குப் பத்து நாளளவிற் செல்லும். அது கடித்த மனிதருக்குக் காய்ச்சல் காண்பதற்கு மேலும் இரண்டு வாரமளவில் ஆகும். ஆகவே இன்று காய்ச்சலோடு படுத்திருப்பவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் எங்கே இரவைக் கழித்தீர்? காய்ச்சல் தொடங்கிய பின் எங்கெங்கே உறங்கினீர்? முதற் கேள்வி நோய் வந்த இடத்தைக் காட்டும். இரண்டாவது அது போகக்கூடிய இடத்தைக் காட்டும். நுளம்பு இரவிற் கடிப்பதாதலால், உறங்கிய இடமே விலாசம். வைவாக்ஸ் என்னும் வகையிலோ சிக்கல் இன்னும் ஒன்று. அதன் ஒட்டுண்ணி கல்லீரலில் மறைந்து உறங்கி, மாதங்கள் கழித்து மீண்டும் எழும். காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்துபவர் தம்மையறியாமலே நோயைச் சுமந்து திரிவார். பிறைமாகுவின் மாத்திரையைப் பதினான்கு நாளும் விழுங்கினாரா என்று வீடு தேடிச் சென்று பார்ப்பது இதன்பொருட்டே.

இவற்றையெல்லாம் எழுதுவதற்கு ஓர் ஏடும் எழுதுகோலும் போதும். கடினமானது, உண்மையான விடையைப் பெறுதல். போர்க்காலத்து வெருகலை எண்ணிப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. 2006இல் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் பெயர்ந்தனர். இரவு எங்கே தங்கினாய் என்னும் கேள்வியை அந்நாளிலே துப்பாக்கி ஏந்தியவர்களும் கேட்டனர். அதே கேள்வியை ஒரு சுகாதார ஊழியர் கேட்டால், காட்டுக்குப் போய்வந்தவர் வாய்திறப்பாரா? விடை எழுதப்பட்ட தாள் வைத்தியசாலையைத் தாண்டிச் செல்லாது என்று அவர் நம்பினாலொழிய, பதிவேட்டில் ஏறுவது பொய் விலாசமே. பொய் விலாசத்துக்கு மருந்து தெளிக்கப் போவார்கள். மெய்யான குட்டையில் நுளம்பு பெருகும். நோயாளர் விபரத்தை இரகசியமாகக் காப்பது ஏதோ நாகரிகத்துக்காகச் செய்யும் உபசாரம் என்று நினைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அத்தகைய காலத்திலும் மலேரியா தடை இயக்கத்தினர் போர் நடந்த மாவட்டங்களிலே வேலையை முற்றாகக் கைவிடவில்லை. நடமாடும் குழுக்கள் ஊர்தோறும் சென்று விரல்நுனியிற் குத்தி இரத்தத் துளி எடுத்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. 1999இல் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிய நோயாளர் தொகை, 2007இல் 198ஆகக் குறைந்தது. இம்முறை 1963ஆம் ஆண்டின் பாடம் மறக்கப்படவில்லை. தொகை குறையக் குறைய ஒவ்வொரு நோயாளரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டார்; அவரைச் சூழ்ந்த வீட்டாரின் இரத்தமும் பார்க்கப்பட்டது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

நுளம்பு அழிந்துவிட்டதாக எவரும் எண்ணவேண்டாம்; அது இன்றும் இருக்கின்றது. இந்தியப் பட்டினங்களிலே கிணற்றிலும் தொட்டியிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புதிய வகையும் மன்னாரில் 2016ஆம் ஆண்டின் இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளரும் வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றனர். 2018இல் மொனராகலை மாவட்டத்துக் கட்டுமானத் தளமொன்றில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து அங்கே தங்கியிருந்த உள்நாட்டவர் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. இருவரும் ஒரே இடத்தில் இரவைக் கழித்தனர் என்னும் விபரம் பதிவேட்டில் இருந்தபடியாற் சங்கிலி அங்கேயே அறுந்தது.

இப்போதுள்ள இடர் ஒன்று: மலேரியாவைக் கண்ணாற் கண்டிராத இளம் மருத்துவர்கள் காய்ச்சல் என்றதும் டெங்குவையே முதலில் எண்ணுகின்றனர். ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பியவர், காய்ச்சல் கண்டால், கேளாமலே தம் பயணத்தைச் சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தத்தைச் சோதிக்கும்படி வேண்டுதல் நன்று. சில மாதங்களுக்கு முந்திய பயணமாயினும் சொல்லல் வேண்டும். மலேரியா உள்ள நாடுகளுக்குப் புறப்படுவோர்க்குத் தடுப்பு மாத்திரைகளை மலேரியா தடை இயக்கம் விலையின்றி வழங்குகின்றது. அதைப் பெறும்போதும் அதே கேள்வி எழும்: எங்கே போகின்றீர், எத்தனை இரவு தங்குவீர்?