கட்டட வேலைத் தூசிக்கு எந்த வேக்குவம் கிளீனர்?

ஆள் குடியிருக்கும் வீட்டிலேயே பழைய டைல்ஸைப் பெயர்ப்பதும், ஒயரிங் குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டுவதும், பட்டி பூசி உப்புத்தாள் போடுவதும் நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. துடைக்கத் துடைக்கத் தீராத தூசியைப் பார்த்து வேக்குவம் கிளீனர் வாங்கப் போனால், கடையில் முதலில் சொல்வது வாட் எண்ணிக்கையை. 1,200, 1,600, 2,000 என்று ஏறும் அந்த எண் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. தூசியை இழுக்கும் திறனை அது சொல்லாது. கட்டட வேலைக்கு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே போன காற்று வெளியே வரும்போது எதைக் கொண்டுவருகிறது என்பதைத்தான்.

காரணம், கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரிய ஆபத்து இல்லை. மணல், எம்-சாண்ட், கான்கிரீட், கிரானைட், டைல்ஸ் எல்லாவற்றிலும் படிகச் சிலிக்கா உண்டு. கிரைண்டர் பிளேடு அதைப் பொடியாக்கும்போது, ஏறத்தாழ 4 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே இந்தச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் வகையில் வைத்தது. பல பலகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருப்பதால், சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. மெல்லிய துணி ஃபில்டர் கொண்ட சாதாரண வீட்டு இயந்திரம் பெரிய துகளைப் பிடித்துக்கொண்டு, இந்த நுண்தூசியைப் பின்பக்க ஓட்டை வழியாக அறைக்குள் விசிறிவிடும். தரை பளிச்சென்று இருக்கும், காற்று கெட்டுப்போயிருக்கும்.

ஐரோப்பியத் தர அளவீட்டில் இதற்கென்றே எல், எம், எச் என மூன்று வகுப்புகள் உண்டு. எல் வகுப்பு இயந்திரம் 1 சதவீதம் வரை தூசியைத் தப்பவிடலாம். எம் வகுப்பில் அது 0.1 சதவீதம், எச் வகுப்பில் 0.005 சதவீதம். கான்கிரீட், டைல்ஸ் வேலைக்கு எம் வகுப்பாவது வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அந்த முத்திரை எளிதில் கண்ணில் படாது. அப்போது ஹெப்பா ஃபில்டரைக் கேட்கலாம். ஆனால் 'ஹெப்பா' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. ஃபில்டர் உட்காரும் இடத்தில் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று ஓரமாகவே போய்விடும்.

நல்ல ஃபில்டருக்கும் ஒரு சங்கடம் உண்டு. சிமென்ட், பட்டித் தூள் அதன் மடிப்புகளில் சீக்கிரமே அப்பிக்கொள்ளும், காற்றோட்டம் விழுந்துவிடும். அதனால்தான் காற்றின் வேகம் குழாயில் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் எம் வகுப்பு இயந்திரம் எச்சரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கையில் பிடிக்கும் கிரைண்டரோடு இணைக்கும் தூசி உறிஞ்சிக்கு, பிளேடு விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்று என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. நாலு அங்குல பிளேடு என்றால் 100 கன அடி. ஃபில்டரைத் தானே தட்டிச் சுத்தம் செய்யும் அமைப்போ, தூசியைச் சுழற்றி முன்கூட்டியே பிரிக்கும் சைக்ளோனோ வேண்டும் என்பதும் அதே நிர்வாகத்தின் விதிதான். தூசி சேர, இரட்டைத் தாள் பையைவிட நெய்யாத துணிப் பை நல்லது. சிமென்டில் சட்டென்று அடைக்காது, கிழியாது. மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தனி வழியில் போகும் இயந்திரம் நெடுநாள் உழைக்கும்.

தண்ணீர் தெளித்துக் கூட்டினால் போதாதா என்று கொத்தனார் கேட்பார். நியாயமான கேள்வி. ஆள் குடிவராத புதுக் கட்டடத்தில் நனைத்து வெட்டி, நனைத்துக் கூட்டி, சட்டியில் அள்ளிவிடலாம், இயந்திரமே வேண்டாம். ஆனால் மர அலமாரியும் மின் ஒயரும் இருக்கும் வீட்டில் தண்ணீர் விட முடியாது. விட்ட இடத்தில் சேறு காய்ந்தால் மறுபடியும் தூசிதான். முகக்கவசமும் போட்டிருப்பவரை மட்டுமே காக்கும்; பக்கத்து அறையில் படுத்திருக்கும் குழந்தைக்கு அது உதவாது. இத்தகைய இயந்திரத்துக்கு விலை அதிகம் என்பதும் உண்மை. பத்து நாள் வேலைக்குச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. தூசிக் கவசம் பொருத்திய கிரைண்டரையும் இயந்திரத்தையும் கொண்டுவருவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தக்காரரிடம் முன்பே பேசிக்கொண்டால் போதும்.

உடைந்த டைல்ஸ் துண்டையும் ஆணியையும் இயந்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது. சட்டிக்கும் சாக்குக்கும் உரியவை அவை. ஈரமும் உலர்ந்ததும் உறிஞ்சும் வகையாக இருந்தாலும், ஈரத்துக்கு மாறும்முன் பையைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் சிமென்ட் உள்ளேயே இறுகிவிடும். பை இல்லாமல் ஓட்டி, ஃபில்டரை மாடிச் சுவரில் தட்டுகிறவர்கள் பிடித்த தூசி அத்தனையையும் தங்கள் மூக்குக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆகவே பில் போடும்முன், அந்த மாடலுக்குரிய பையும் மாற்று ஃபில்டரும் அதே கடையில் எப்போதும் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.