உங்களுக்குத் தெரியுமா? எடை மெஷினும் இதயமும்

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. ரத்தத்தைத் தள்ளும் திறன் தளர்வது. நல்ல இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேற்றும். இந்த அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவர்களில் சிலருக்கு மருந்தால் மீண்டும் ஏறுவதுண்டு.

எடை விஷயத்தில் ஒரு வேடிக்கை. பருமன் இந்த நோயை வரவழைக்கும். ஆனால் வந்தபின், 2001-இல் அமெரிக்காவில் 1,203 பேரிடம் நடந்த ஆய்வில், பருமனானவர்கள் ஒல்லியானவர்களைவிடச் சீக்கிரம் இறக்கவில்லை! முற்றிய நோய் தசையையே தின்று உடலை மெலிய வைப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காகத் தொப்பையைக் கொண்டாட வேண்டாம். இதயம் சுருங்கும் திறன் குறையாமலே செயலிழப்பு வந்த பருமனான 529 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் எடை குறைக்கும் செமாக்ளுடைட் ஊசி போட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 13 சதவீத எடை இறங்கியது. உபாதைகள் குறைந்தன, நடக்கும் தூரமும் கூடியது.

இந்த நோய் உள்ளவர்களுக்குத் திடீரென ஏறும் எடையோ பெரும்பாலும் கொழுப்பே அல்ல, தேங்கிய நீர். ஒரு லிட்டர் நீர், ஒரு கிலோ. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், கால் வீங்கும்வரை காத்திராமல் டாக்டரை அழையுங்கள்.